டாலியின் ஈறு

கோதண்டபாணி முதலாளி வீட்டு நாய்க்கு முடி கொட்டியது. அதே வாரம் அவருடைய பீங்கான் கம்பெனியில் சூளைக்குள்ளே அடுக்கு சரிந்து நாற்பது பூச்சாடி நொறுங்கிப் போனது. ஆனால் ஜாடி சேதியைவிட நாய் சேதிதான் வேகமாக ஊரைச் சுற்றியது. கிளேஸ் முக்குகிற கொட்டகையில் பன்னிரண்டு பெண்களும் ஒருத்தி காதை ஒருத்தி கடித்தார்கள்.

"டாலிக்கு முதுவுல வட்டமா வழுக்கை வுழுந்துடுச்சாம்டி."

"அய்யய்யோ. பொண்ணு பாக்க வர நேரத்துலயா?"

கொட்டகையே சிரித்தது. விருத்தாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைத்தான் முதலாளி வீட்டில் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள்.

அவள் சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தவள். அவள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். கம்பெனியின் மூலையில் ஓர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு, ஒரு தண்ணீர்க்குழாய், முப்பது பாட்டில், ஒரு பதிவேடு. அதற்குப் பெயர் சோதனைக்கூடம். அதில் ஆறு மாதத் தற்காலிக வேலை அவளுக்கு. நாலு மாதம் முடிந்திருந்தது. அவள் அம்மா காசியம்மாள் அதே கம்பெனியில் ஒன்பது வருடமாகக் கிளேஸ் முக்குகிறாள். பொம்மையையும் பூச்சாடியையும் கலர்க் கரைசலில் முக்கி எடுத்துப் பலகையில் வைக்கிற வேலை. அப்பா இல்லை. அவர் போனபோது விருத்தாம்பாள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு பர்மனெண்ட் ஆவட்டும் பாப்பா, மறுநாளே நான் நின்னுக்கறேன். என் கையி சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது," என்று காசியம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த ஒரு நிரந்தர வேலை ஆர்டர் காகிதத்துக்காகத்தான் விருத்தாம்பாள் நாய் பார்க்கப் போனாள். வேறு எதற்காகவும் இல்லை.

முதலாளியின் மனைவி கனகா டாலியை மடியில் வைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைக்குள் அடங்கிவிடுகிற பொமரேனியன். ஒரு காலத்தில் இலவம்பஞ்சு மாதிரி இருந்ததாம். இப்போது முதுகில் சொறி, வால் எலிவால்.

"நீதான் காசியம்மா மவளா? இங்கிலீசு படிப்பியா?"

"நான் படிச்சதே இங்கிலீசுலதாங்க."

"அப்ப இத படிச்சு சொல்லு. மெட்ராசுலேருந்து எந்தம்பி அனுப்பிச்சது. ஜனவரியில நெய்வேலி டவுன்ஷிப்புல நாய் கண்காட்சி. இத இந்தக் கோலத்துல தூக்கிக்கிட்டுப் போனா எனக்குத்தான் அசிங்கம்."

வெளிநாட்டு நாய்ப் பத்திரிகை. நாயின் ரோமத்துக்கு என்னென்ன வேண்டும் என்று இரண்டு பக்கம். விருத்தாம்பாள் வரி வரியாகத் தமிழில் சொன்னாள். மீன் எண்ணெய், முட்டை, இறைச்சிச் சத்து. கனகா ஒவ்வொன்றுக்கும் மூக்கைச் சுளித்தாள்.

"எங்க வூட்டுல கவுச்சி ஏறாது. அடுத்தது சொல்லு."

"இத்தன நாளா என்னாங்க குடுக்கறீங்க?"

"தயிர்சோறு. பிஸ்கட். வெள்ளிக்கிழம சக்கரைப் பொங்கல்."

"குளிப்பாட்டறது?"

"தெனமும். நல்லா துணி சோப்பு போட்டு. நாய் நாத்தம் வரக்கூடாது பாரு."

விருத்தாம்பாளுக்கு அங்கேயே விஷயம் விளங்கிவிட்டது. துணிக்குப் போடுகிற காரச் சோப்பைத் தினமும் தேய்த்தால் எருமைக்கே தோல் உரியும். "சோப்ப நிறுத்திடுங்க. பத்து நாளைக்கு ஒருக்கா குளிப்பாட்டுனா போதும். முட்டை வேணாம்னா சோத்துல கால் ஸ்பூன் நல்லெண்ணெய் ஊத்துங்க. மொதல்ல மாட்டாஸ்பத்திரியில காட்டிடுங்க, சொறி பூச்சியான்னு அவங்கதான் பாக்கணும்."

"மாட்டாஸ்பத்திரிக்கா? டாலியவா?" கனகா அவளைப் பார்த்த பார்வையில், டாலிக்குப் பதில் தன்னைத்தான் மாடு என்று சொல்லிவிட்டாளோ என்கிற சந்தேகம் இருந்தது. "நீ படி. டாக்டர் வேல பாக்காத."

அடுத்த பத்தியில்தான் துத்தநாகம் வந்தது. உடம்பில் துத்தநாகம் குறைந்தால் ரோமம் உதிரும், தோல் வெடிக்கும் என்று போட்டிருந்தது. உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த கோதண்டபாணி அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்தார்.

"துத்தநாகமா? ஜிங்க்கா? ஏ கனகா, நம்ம கிளேஸ் ரூமுல மூட்டை மூட்டையா கெடக்குதே! உலகமெல்லாம் காசு குடுத்து வாங்குது, நாம அதுக்கு மேல உக்காந்துக்கிட்டு இருக்கோம்!"

"அது சைவமாங்க?"

"மண்ணுலேருந்து எடுக்கறது. அதவிட சைவம் எது?"

கட்டுரை அதோடு முடியவில்லை. கடைசியில் கொட்டை எழுத்தில் ஐந்து வரி இருந்தது. தின்பதற்கென்று செய்யாத பொடி எதையும் நாய்க்குத் தராதீர்கள், குட்டி உடம்புக்குக் கொஞ்சம் கூடினாலும் நஞ்சு, வாந்தி எடுத்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். விருத்தாம்பாள் அதைக் கண்ணால் படித்தாள். வாயைத் திறந்தாள். கனகா கையை ஆட்டி, "போதும் போதும், விஷயம் கெடச்சிடுச்சு," என்றாள். முதலாளி, "கெட்டிக்காரப் பொண்ணுதான். உன் ஆர்டரு விஷயம் ஞாபகத்துல இருக்குது," என்றார்.

அவள் பத்திரிகையை மூடிவிட்டாள்.

பின்னால் எத்தனையோ முறை அந்த மூடலை அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஐந்து வரி படிக்க அரை நிமிடம்கூட ஆகாது. அன்றைக்கு அவள் வாயை அடைத்தது கனகாவின் கை இல்லை, முதலாளி சொன்ன அந்த ஒரு வார்த்தை.

இருந்தாலும் தன் பங்குக்குக் கவனமாகத்தான் செய்தாள். கிளேஸ் ரூம் மூட்டையை அவள் தொடவில்லை. சோதனைக்கூடத்தில் சீல் வைத்த சுத்தமான துத்தநாக ஆக்சைடு பாட்டில் ஒன்று இருந்தது. மருந்துத் தரம் என்று மேலே எழுதியிருந்தது. டாலியைக் கூடையில் வைத்து எடை பார்த்தாள், மூன்று கிலோகூட இல்லை. ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டுவிட்டு, மறுநாள் கண்ணாடிப் பெட்டித் தராசில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தாள். ஒரு பொட்டலத்தில் ஓர் அரிசியில் கால்வாசி எடை. மொத்தம் பதினான்கு பொட்டலம். மேலே தமிழில் எழுதினாள்: நாளுக்கு ஒன்று, சோற்றில் கலந்து, வாந்தி வந்தால் நிறுத்தவும்.

கனகா ஒரு பொட்டலத்தைப் பிரித்து, ஊதிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னாடி இது, கண்ணுக்கே தெரியல! கம்பெனி சாமான்ல இம்புட்டு சிக்கனமா? உன் வூட்டு சொத்தா?"

"அதுக்கு மேல கூடாதுங்க."

"சரி சரி."

பதினான்கு நாள் போனது. முடி முளைக்கவில்லை. சோப்பும் நிற்கவில்லை, மாட்டாஸ்பத்திரிக்கும் போகவில்லை. விருத்தாம்பாளை மறுபடி யாரும் கூப்பிடாததால், நாய் பைத்தியம் தெளிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். தீபாவளி ஆர்டருக்கு மும்முரமாக வேலை நடந்தது. ஒரு நாளைக்கு எண்ணூறு பொம்மை முக்கினார்கள். காசியம்மாள் சாயந்தரம் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். சுக்குத் தண்ணீர் வைத்துக் குடித்தாள், ஓமம் மென்றாள். ஒரு நாள் சோற்றுப் பானையைத் தூக்கும்போது மணிக்கட்டு தொய்ந்து பானை கீழே விழுந்தது. இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் இருந்ததற்கு மேஸ்திரி பழமலை, "வெத்தலைய போட்டுக்கிட்டு வூட்டுல கெடக்க சொகமா இருக்குதா காசி? வவுத்து நோவாம், வவுத்து நோவு. சோம்பலுக்கு ஒரு பேரு," என்று எல்லார் எதிரிலும் கேட்டான். விருத்தாம்பாள் சண்டைக்குப் போனாள். காசியம்மாள் மகளின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "ஒரு மாசம் பொறுடி. உன் காகிதம் வரட்டும்," என்றாள்.

கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள் காலை, முதலாளியின் கார் சோதனைக்கூட வாசலில் வந்து நின்றது. கனகா தலையைக்கூட வாரவில்லை. மடியில் டாலி கிடந்தது. வாயோரம் நுரை. கால் நாலும் விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது.

"பாவி, என்னா பொடிடி குடுத்த? ஏறு வண்டியில. டாக்டர் கேட்டா நீதான் பதில் சொல்லணும்!"

மாட்டாஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த டாக்டர் தேவநாதன் ஒரு காளைக்குக் கொம்பு சீவிக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து டாலியை மேசையில் போட்டார். வயிற்றை அழுத்தினார், நாய் ஊளையிட்டது. கண் ரப்பையைத் தாழ்த்தினார்; உள்ளே சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பிறகு உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க வாங்க. இது தெரியுதா?"

பல் முளைக்கிற இடத்தை ஒட்டி, ஈறின் ஓரத்தில், பேனாவால் கோடு இழுத்தது மாதிரி கருநீலமாக ஒரு வரி.

"வூட்டுல பெயிண்ட் அடிச்சீங்களா? பழைய பேட்டரி கெடக்குதா? லாரி ஷெட்டு பக்கம் மேயற மாட்டுக்கு இது வரும். பேட்டரித் தகட்ட நக்கிடும். இது ஈயம்மா. லெட்டு. உள்ள போயிருக்குது."

"ஈயமா? நாங்க ஜிங்க்குதான டாக்டர் குடுத்தோம்! தெனம் ஒரு ஸ்பூன்!"

விருத்தாம்பாள் கனகா பக்கம் திரும்பினாள். "ஒரு ஸ்பூனா? நான் குடுத்தது பொட்டலங்க. அதுவும் பதினாலுதான்."

"அது தீந்து ஒரு மாசம் ஆவுது. ஒன்ன கேட்டா நீ லெக்சர் அடிப்ப. உங்கம்மாகிட்ட பாட்டில குடுத்தேன், ரொப்பிக் குடுத்தா." கனகா காரிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து நீட்டினாள். முக்கால்வாசி காலி. தேன் விட்டுக் குழைத்து ஊட்டியிருக்கிறாள், நாய் பிடிவாதம் பிடித்தால் வாயைத் திறந்து.

விருத்தாம்பாள் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். துத்தநாக ஆக்சைடு பால் மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டும். இது லேசாகச் செம்பருத்தி நீரில் நனைந்த மாதிரி இருந்தது. அந்தச் சாயலை அவளுக்குத் தெரியும். கிளேஸ் ரூமில் அடுத்தடுத்து நிற்கிற தொட்டிகளில் ஒன்றில் வெள்ளைத் துத்தநாகம், அதை ஒட்டினதில் செக்கச் செவேலென்று ரெட் லெட். ஈயப் பொடி. இரண்டுக்கும் அள்ளுவது ஒரே தகரக் கரண்டி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவள் பழமலையிடம் கேட்டாள், தொட்டிக்கு ஒரு கரண்டி போடக்கூடாதா என்று. "எல்லாம் ஒரே அண்டாவுலதான கலக்கப் போவுது? கலக்கப்போற சாமானுக்கு தனித்தனி கரண்டியா? படிச்ச புள்ளைங்களே இப்படித்தான்," என்று சிரித்தான். அவளும் சரிதான் என்று விட்டுவிட்டாள். கிளேஸுக்கு அது சரிதான்.

டாக்டர் பேதி உப்பைக் கரைத்துப் புகட்டினார். ஓர் ஊசி போட்டார். இன்னொரு ஊசி மருந்து மெட்ராஸிலிருந்துதான் வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். "பொடிய தூக்கி எறிங்க. ரோமம்னா சோத்துலதான் இருக்குது. தயிர்சோறு தின்ன நாய்க்கு பொடி போட்டா முடி வருமா? இப்போதைக்குப் பாலும் முட்டை வெள்ளைக்கருவும் குடுங்க. தேறுனா அப்புறம் அளவா சத்து சேத்துக்கலாம். ஒண்ணு சேக்கறப்ப ஒண்ணுதான். எது ஒத்துக்குது, எது ஒத்துக்கலன்னு தெரியணுமில்ல?"

"எத்தன முட்டை டாக்டர்? இப்பவே வாங்கியாரச் சொல்றேன்," என்றாள் கனகா. வீட்டில் ஏறாத முட்டை அந்த நொடியில் ஏறிவிட்டது.

விருத்தாம்பாள் நகராமல் நின்றாள்.

"டாக்டர், மனுசங்களுக்கும் ஈறுல இந்தக் கோடு வருமா?"

"வரும்."

"வவுத்து நோவு? கை தொங்கிப் போறது?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "யாருக்கும்மா?"

"எங்கம்மாவுக்கு," என்றாள் அவள். "நான் மாட்டு டாக்டர்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிக்கிட்டுப் போங்க. நாள் கடத்தாதீங்க."

வீட்டுக்கு வந்தபோது காசியம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வலது கை மட்டும் சுழன்றது. இடது கை முறத்துக்கு அடியில் சும்மா முட்டுக் கொடுத்திருந்தது. விருத்தாம்பாள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யம்மா, வாயத் தொற."

"என்னாத்துக்குடி?"

"வெத்தலையத் துப்பிட்டு வந்து வாயத் தொறன்னு சொல்றேன்!"

காசியம்மாள் பயந்து போய்த் துப்பினாள். விருத்தாம்பாள் உப்பையும் கரியையும் கொடுத்துத் தேய்க்கச் சொன்னாள். ஒரு தடவை, இரண்டு தடவை. சிவப்பு போன பிறகு வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்து கீழுதட்டைப் பிடித்து மடித்தாள். கரிதான் ஒட்டியிருக்கிறது என்று விரலால் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள்.

அதே கோடு. டாலிக்கு இருந்ததைவிடத் தடிப்பாக.

"அந்த பாட்டில ரொப்பிக் குடுத்தது நீதானா?"

"ஆமாண்டி. அந்த அம்மாவே வந்து கேட்டாங்க. ஒனக்கு காகிதம் வர நேரம், இல்லன்னா சொல்ல முடியும்?"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? அறிவு வேணாம்? நான் என்னாத்துக்கும்மா படிச்சேன்?"

கத்திவிட்டாள். தெரு நின்று பார்த்தது. காசியம்மாள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, "நாயி செத்துப் போச்சாடி?" என்றாள். அவள் கேட்டது தன்னைப் பற்றி இல்லை. விருத்தாம்பாளுக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

டாலி சாகவில்லை. மெட்ராஸிலிருந்து கனகாவின் தம்பி ஊசி மருந்தைக் காரிலேயே கொண்டுவந்தான். ஐந்தாம் நாள் எழுந்து நின்று பால் குடித்தது. ஆறாம் நாள் முதலாளி விருத்தாம்பாளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு காகிதம். ஒன்று டைப் அடித்த ஆர்டர், கையெழுத்துதான் பாக்கி. இன்னொன்று மாட்டு டாக்டரின் சீட்டு. அதில் ‘தொழிற்சாலைப் பொடியில் ஈயம்’ என்று எழுதியிருந்தது.

"இந்த ஆளு எழுத வேண்டியதத்தான் எழுதணும். நாய்க்கு மருந்து எழுதச் சொன்னா கம்பெனிக்கு ஜாதகம் எழுதியிருக்கான்," என்றார் முதலாளி. "அடுத்த வாரம் கடலூருலேருந்து பாக்டரி இன்ஸ்பெக்டரு வராரு. உன் பதிவேட்டத்தான் மொதல்ல கேப்பாரு. ஜிங்க் ஆக்சைடு பரிசோதிச்சேன், சுத்தம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. காசியம்மா கைமறதியா தொட்டி மாத்தி அள்ளிட்டான்னு அடுத்த வரி. அவ்வளவுதான்."

"எங்கம்மா தொட்டி மாத்தலீங்க. கரண்டி ஒண்ணு."

"அவளுக்கு நல்லதுதானே சொல்றேன்? அவள நிப்பாட்டிடறேன். நீ பர்மனெண்ட். நீயும்தான அவ வூட்டுல இருக்கணும்னு நெனைக்கற? நான் போலீசுக்குப் போவல, ஒண்ணும் பண்ணல. கனகா என்னா சொன்னா தெரியுமா? கம்பெனி சாமான தூக்கிக் குடுத்தவ திருடின்னு சொன்னா. நான்தான் சும்மாரு, அந்தப் பொண்ணு மொகத்துக்காகன்னேன்."

கேட்ட வரம் அப்படியே வந்து நின்றது. அம்மா கொட்டகையை விட்டு வெளியே வந்துவிடுவாள். மகளுக்கு வேலை நிலைக்கும். ஒரே ஒரு பொய் வரி. விருத்தாம்பாள் நாளைக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். உண்மையில் எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தாள். காசியம்மாளும் அன்று சாயந்தரம் அதையே சொன்னாள்: "எழுதிக் குடுத்துடு பாப்பா. திருடின்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. பேரு என்னா வவுத்துல தங்குதா?"

மறுநாள் மத்தியானம் அவள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கொட்டகை வழியாகத்தான் போனாள். சாப்பாட்டு நேரம். காகிதம் கைக்கு வராமல் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று காசியம்மாளும் வேலைக்கு வந்திருந்தாள். பெண்கள் தொட்டிக்குப் பக்கத்திலேயே வட்டமாக உட்கார்ந்து தூக்கைத் திறந்திருந்தார்கள். குழாய் கொல்லைப்புறத்தில் இருந்ததால் யாரும் எழுந்து போய்க் கை கழுவுவதில்லை. புடவையில் துடைத்துக்கொண்டால் ஆயிற்று. விரல் இடுக்கெல்லாம் சிவப்பு. மாரியம்மாள் என்கிற சின்னப் பெண், கல்யாணமாகி ஆறு மாதம், மோர்ச்சோற்றைப் பிசைந்து ஓர் உருண்டை உருட்டி விருத்தாம்பாளிடம் நீட்டினாள்.

"வாக்கா, ஒரு வாய். முழுவாம இருக்கறவ கையால வாங்குனா நல்லதாம்."

அந்த உருண்டை லேசாகச் செம்பருத்தி நிறத்தில் இருந்தது.

"கீழ போடு."

"என்னாக்கா?"

"கீழ போடுடி!"

சோதனைக்கூடத்துக்கு ஓடி ஐந்து கண்ணாடிக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்தாள். அம்மா கையைப் பிடித்து ஒன்றில் கழுவினாள். மாரியம்மாள் கையை ஒன்றில். மருதாணி வைக்கவா கையைக் கழுவுகிறாள் என்று மற்றவர்கள் சிரித்தார்கள்; சிரித்துக்கொண்டே அவள் பின்னால் சோதனைக்கூடத்துக்கு வந்தார்கள். மூன்றாவது குவளையில் துத்தநாகத் தொட்டிப் பொடி, நாலாவதில் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கையோடு கொண்டுவந்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டில் பொடி. ஐந்தாவதில் அவள் பொட்டலம் கட்டிய அந்த சீல் பாட்டில் பொடி. எல்லாவற்றிலும் அமிலம் விட்டுச் சூடாக்கி, வடிகட்டி, ஆறவிட்டு, ஈயம் இருந்தால் மஞ்சளாகத் திரிகிற அயோடைடு கரைசலைச் சொட்டினாள்.

ஐந்தாவது அசையாமல் தெளிவாக நின்றது. மற்ற நாலிலும் மஞ்சள் இறங்கியது. கல்லூரியில் இந்தச் சோதனையைச் செய்யும்போது எல்லாருக்கும் பிடிக்கும். தங்கத் தூள் மழை மாதிரி அவ்வளவு அழகாக இருக்கும். காசியம்மாள் கை கழுவின குவளையில்தான் மஞ்சள் அடர்த்தியாக இருந்தது. நாய் தின்ற பாட்டிலைவிட.

"இது என்னாடி, கோயில் மஞ்சத்தண்ணி மாதிரி?" என்றாள் காசியம்மாள்.

"உன் வவுத்து நோவும்மா. இதான்."

கொட்டகையில் இருந்து வந்தவர்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. மாரியம்மாள் தன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பிறகு வயிற்றின்மேல் வைத்தாள். பிறகு அங்கிருந்தும் எடுத்துவிட்டாள். எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விருத்தாம்பாள் பதிவேட்டில் எழுதினாள். தேதி. துத்தநாகத் தொட்டி: ஈயம் உண்டு. முதலாளி வீட்டு நாய்க்குக் கொடுத்த பொடி: ஈயம் உண்டு. தொழிலாளி காசியம்மாள், கை கழுவிய நீர்: ஈயம் உண்டு. தொழிலாளி மாரியம்மாள், கை கழுவிய நீர்: ஈயம் உண்டு. காரணம்: எல்லாத் தொட்டிக்கும் ஒரே கரண்டி; கொட்டகையில் கை கழுவக் குழாய் இல்லை. அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினாள். நாய்ப் பத்திரிகையில் இருந்த எச்சரிக்கையை நான் படித்துச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு, பி.எஸ்ஸி. என்று அழுத்திப் போட்டாள். அச்சடித்த பக்க எண் உள்ள பதிவேடு அது. கிழித்தால் எண் குறையும். இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

முதலாளி படித்துவிட்டு நிதானமாகத்தான் பேசினார். "நாய் உயிரோடதான இருக்குது? அப்புறம் என்னா பெரிய விஷயம்?"

"நாய்க்கு ஒரு ஸ்பூனு ஒரு மாசம் போனதுக்கு மெட்ராசுலேருந்து ஊசி வந்துதுங்க. எங்கம்மாவுக்கு ஒம்பது வருசம். சோம்பேறின்னு பேரு வந்துது."

அவர் ஆர்டரை நாலாக மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். கிழிக்கக்கூட இல்லை. "நாளைலேருந்து ரெண்டு பேரும் வரவேணாம்."

மறுநாள் காலை பாண்டிச்சேரி போக இருவரும் பஸ் ஏறினார்கள். கிடைத்ததைக் கெடுத்தவள் என்கிற கோபம் காசியம்மாள் முகத்தில் அப்படியே இருந்தது. வடலூர் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் இடது கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது. விருத்தாம்பாள் அதை எடுத்து மடியில் வைத்தாள். மறுபடி நழுவியது. மறுபடி வைத்தாள்.

"இன்ஸ்பெக்டரு வருவாரா?" என்றாள் காசியம்மாள் கடைசியில்.

"தெரியாதும்மா."

"வந்தா அந்தப் பொஸ்தகத்த பாப்பாரா?"

"தெரியாது."

"ஒனக்கு என்னாதான் தெரியும்?" பிறகு, கோபம் ஆறாமலே, "அந்த சடைநாய்க்கு முடி மொளச்சிதா?" என்றாள்.

"மொளைக்க ஆரம்பிச்சிருக்காம். மாரியம்மா சொன்னா."

"நல்லா இருக்கட்டும். வாயில்லா சீவன்."

விருத்தாம்பாள் அம்மாவின் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், நழுவாமல் இருக்க.